செட்டியார் தெருத் தங்கமும் ஒரு மடிக்கணினியும்: கலப்புலோகத்தின் பளிங்கமைப்பைக் கணித்துப் பார்க்கத் தொடங்குவோருக்கு

கொழும்பு செட்டியார் தெருவின் நகைக்கடைகளுக்குப் பின்னால், ஒழுங்கைகளுக்குள், இன்னமும் பத்தர்மாரின் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பட்டறையில் சங்கிலிக் கொழுவி ஒன்றைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பெரியவர் சிவந்த தங்கத் தகடொன்றைச் சுவாலையில் காட்டினார். அது மங்கலாக ஒளிரத் தொடங்கியதும் குறட்டால் தூக்கித் தண்ணீருக்குள் போட்டார்.

“மெதுவாக ஆறவிட்டால் என்ன, ஐயா?” என்று கேட்டேன்.

“ஆறவிட்டால் இறுகிவிடும், தம்பி. பிறகு சுத்தியலால் தட்டினால் வெடிக்கும். 18 கரட் செம்புப் பொன்னின் குணம் அது.”

அந்தக் குணத்துக்குக் காரணம் அணுக்கள் அமரும் ஒழுங்கு. செம்பு மட்டும் சேர்த்த 18 கரட் பொன்னில் எடைப்படி 75 பங்கு தங்கம், 25 பங்கு செம்பு. தங்கத்தின் அணுநிறை 197, செம்பினுடையது 63.5. வகுத்துப் பாருங்கள்: 0.381, 0.394. எடையில் மூன்றுக்கு ஒன்றாக இருந்தது அணு எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகிவிடுகிறது. பாதிக்குப் பாதியான அந்தக் கலவையைச் சுமார் 385 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறுதலாக ஆறவிட்டால், செம்பு ஓர் அடுக்கு, தங்கம் ஓர் அடுக்கு என்று அணுக்கள் மாறி மாறி அமர்ந்துகொள்கின்றன. தகடு இறுகுவது அதனால்தான். தண்ணீரில் போட்டால் அணுக்களுக்கு இடம் மாற அவகாசம் கிடைப்பதில்லை. ரஷ்ய வேதியியலாளர் குர்னாகோவும் அவருடைய கூட்டாளிகளும் இந்த மாற்றத்தை மின்கடத்துதிறனை அளந்து 1916இலேயே வெளியிட்டார்கள்.

இந்த ஒழுங்கை அடுப்பும் தகடும் இல்லாமல், மூலகங்களின் பெயரையும் விகிதத்தையும் மட்டும் கொடுத்துக் கணினியில் கண்டுபிடிக்க முடியுமா? 1988இல் நேச்சர் சஞ்சிகையின் ஆசிரியர் ஜோன் மடொக்ஸ், ஒரு பொருளின் சேர்க்கையை மட்டும் வைத்து அதன் பளிங்கமைப்பைச் சொல்ல முடியாமலிருப்பது பௌதிக விஞ்ஞானத்துக்கு ஓர் இழுக்கு என்ற கருத்தில் எழுதினார். இன்று நிலைமை அப்படியில்லை. உயர்தரத்தில் பௌதிகவியலோ இரசாயனவியலோ படித்த, கணினியில் கட்டளை வரி தட்டக் கூச்சப்படாத ஒருவர் சில வாரங்களில் ஓர் எளிய இருமூலகக் கலப்புலோகத்துக்குச் சரியான விடையைத் தாமே பெறலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். செம்பு–தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். விடை தெரிந்த கணக்கில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். விடை தெரியாத ஐந்து மூலகக் கலவையோடு முதல்நாளே இறங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அவர்கள் கையில் ஓர் எண் இருக்கும். அது சரியா பிழையா என்று சொல்ல அவர்களாலும் முடியாது, வேறெவராலும் முடியாது.

வேண்டிய சாமான்கள்

நான்கு கருக்கள் கொண்ட செயலியும் 16 ஜிபி நினைவகமும் உள்ள மடிக்கணினி போதும். 8 ஜிபியிலும் ஒப்பேற்றலாம். புதிதாக வாங்க வசதியில்லாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த கணினிகளைத் தேடுங்கள். மேசைக் கணினியை விட மடிக்கணினியையே நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது என் வெள்ளவத்தை வீட்டில் மேசைக் கணினியொன்றில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த அதிர்வுக் கணக்கு ஒரு நொடியில் போயிற்று. தொடர்ந்து ஓட்டுவதற்கான கோப்பும் பாதி எழுதிய நிலையில் கெட்டுப்போயிருந்தது. பற்றரி உள்ள கணினியாக இருந்திருந்தால் ஒழுங்காக நிறுத்தியிருக்கலாம். இப்போதெல்லாம் “இத்தனை நொடிக்குப் பிறகு தானாகவே முறையாக நிறுத்து” என்று கட்டளைக் கோப்பிலேயே எழுதிவிடுகிறேன். நீங்களும் முதல்நாளே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். லினக்ஸ், அதில் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, கூடவே பைதான், அதிர்வுகளுக்கு ஃபோனோபி: எல்லாமே இலவசம். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் வாஸ்ப் என்ற மென்பொருளுக்கு உரிமம் வாங்க வேண்டும். தொடக்கத்தில் அது இல்லாததால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணுக்கருக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவற்றைச் சுற்றி இலத்திரன்கள் எப்படிப் பரவினால் மொத்தச் சக்தி மிகக் குறைவாக இருக்கும் என்று அது கண்டுபிடிக்கிறது. ஒவ்வோர் இலத்திரனையும் தனித்தனியே துரத்தாமல் இலத்திரன் அடர்த்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம் என்பதை 1964இல் ஹோஹென்பேர்க்கும் கோனும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கோனும் ஷாமும் அதைக் கணக்கிடக்கூடிய சமன்பாடுகளாக்கினார்கள். வோல்டர் கோனுக்கு 1998இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அடர்த்திச் சார்பியக் கோட்பாடு என்பது இதுதான். பாடப்புத்தகம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவேன் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

எதனோடு ஒப்பிட்டு?

கணினி தரும் மொத்தச் சக்தி என்ற எண்ணுக்குத் தனியே பொருள் கிடையாது. ஓர் அமைப்பு நிலையானது என்றால் “எதனோடு ஒப்பிட்டு நிலையானது?” என்ற கேள்வி உடனே எழ வேண்டும். இந்தத் துறையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்க மறந்ததால் வருபவை.

முதல் ஒப்பீடு தனி மூலகங்களோடு. கலவையின் ஓர் அணுவுக்கான சக்தியிலிருந்து, அதே விகிதத்தில் தனிச் செம்பும் தனித் தங்கமும் கொண்டிருக்கும் சக்தியைக் கழியுங்கள். கிடைப்பது உருவாக்கச் சக்தி. அது மறையெண்ணாக இருந்தால், பிரிந்திருப்பதை விடக் கலந்திருப்பதையே அணுக்கள் விரும்புகின்றன. ஆனால் இது பாதிக் கதைதான். மீதியை உறைக்கோட்டில் சொல்கிறேன்.

கவனிக்க வேண்டியது இந்த எண்களின் அளவு. செம்பு–தங்கத்தில் உருவாக்கச் சக்தி ஓர் அணுவுக்குச் சில பத்து மில்லி இலத்திரன்வோல்ற்று மட்டுமே. இனி இந்த அலகை மி.இ.வோ. என்று எழுதுகிறேன். கணினி தரும் மொத்தச் சக்தியோ ஓர் அணுவுக்கு ஆயிரக்கணக்கான இலத்திரன்வோல்ற்று. யானையின் மேல் ஈயை உட்கார வைத்து நிறுத்து, பிறகு யானையை மட்டும் நிறுத்து, ஈயின் எடையைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. இரண்டு தடவையும் ஒரே தராசாக இருந்தால்தான் இது நடக்கும்.

தராசைச் சரிபார்த்தல்

ஆகவே கலவையைத் தொடுவதற்கு முன் தனிச் செம்பையும் தனித் தங்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முகமையக் கனசதுரச் சாலகங்கள். புறக்கோட்டை நடைபாதையில் தோடம்பழம் அடுக்கியிருப்பதைப் பாருங்கள். ஒரு பழக்குழியில் அடுத்த பழம் உட்காரும் அந்த நெருக்கமான அடுக்குத்தான் அது. சாலகப் பக்கம், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கனசதுரப் பெட்டியின் பக்க நீளம், செம்புக்கு 3.615 ஆங்ஸ்ட்ரம், தங்கத்துக்கு 4.078.

இரண்டு மூலகங்களுக்கும் ஒரே தொகுப்பிலிருந்து சூடோபொட்டென்ஷியல் கோப்புகளைப் பதிவிறக்குங்கள். அணுவின் உள் இலத்திரன்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடாமல் அவற்றின் விளைவை மட்டும் தரும் கோப்புகள் இவை. செம்புக்கு ஒரு தொகுப்பு, தங்கத்துக்கு வேறொன்று என்று கலப்பது தராசை மாற்றுவதற்குச் சமம். இலத்திரன்களுக்கிடையேயான பரிமாற்றச் சக்தியைக் கணக்கிடும் சார்பியத்துக்கு, 1996இல் வந்த பிபிஈ வகையோடு தொடங்குங்கள். தரவுத்தளங்களில் பெரும்பாலான எண்கள் அதில்தான் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

பிறகு மூன்று திருகாணிகள். வெட்டுச்சக்தி, அதாவது இலத்திரன் அலைகளை எவ்வளவு நுணுக்கமாக வரைவது. கே-புள்ளி வலை, அதாவது பளிங்கின் தலைகீழ் வெளியை எத்தனை புள்ளிகளில் தொட்டுப் பார்ப்பது. மழுக்கல், அதாவது உலோகங்களில் நிரம்பிய இலத்திரன் நிலைகளுக்கும் வெறுமையான நிலைகளுக்கும் நடுவேயுள்ள கூரிய விளிம்பை எவ்வளவு மென்மையாக்குவது. வெட்டுச்சக்தியை 30, 40, 50, 60 ரைட்பேர்க் (இந்த மென்பொருள் பயன்படுத்தும் சக்தி அலகு) என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் சக்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு அணுக் கனசதுரத்துக்கான வலையையும் அப்படியே 6, 8, 10, 12, 14 என்று ஏற்றுங்கள். மழுக்கலை 0.01க்கும் 0.02 ரைட்பேர்க்குக்கும் இடையில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கே நிறுத்துவது என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மொத்தச் சக்தி அசையாமல் நிற்கும் வரை ஏற்றிக்கொண்டே போகத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது வித்தியாசம்தான், அது மொத்தத்தை விட விரைவில் நிலைகொள்ளும். எனவே சரிபார்ப்பையே வித்தியாசத்தில் செய்யுங்கள். தனிச் செம்பு, தனித் தங்கம், ஏதாவது ஒரு கலவை ஆகிய மூன்றையும் சேர்த்து ஓட்டி, உருவாக்கச் சக்தி ஓர் அணுவுக்கு 1 மி.இ.வோ.க்குள் அடங்கியதும் நிறுத்துங்கள். 1 மி.இ.வோ. என்பது வெப்பநிலைக் கணக்கில் சுமார் 11.6 கெல்வின். அதாவது 5 மி.இ.வோ. தவறினால் பின்னால் ஒழுங்கு குலையும் வெப்பநிலை கிட்டத்தட்ட 60 பாகை இடம்பெயர்ந்துவிடும்.

வலையில் ஒரு பொறி இருக்கிறது. நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். நான்கு அணுக் கனசதுரத்துக்கு 12×12×12 வலை வைத்துவிட்டு, எட்டு அணுக்கள் கொண்ட நீண்ட பெட்டிக்கும் அதே 12×12×12ஐப் போட்டால் தராசு மாறிவிடும். பெட்டி ஒரு திசையில் இரட்டிப்பாக நீண்டால் அந்தத் திசையில் புள்ளிகளைப் பாதியாக்க வேண்டும். எண்ணிக்கையை அல்ல, புள்ளிகளின் அடர்த்தியை மாறாமல் வைத்திருங்கள்.

இப்போது தனி மூலகங்களின் சாலகப் பக்கத்தைக் கணினி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிபிஈயில் செம்பு 3.63, 3.64 என்று வரும். தங்கம் 4.16க்கு அருகில் வரும். தங்கம் இரண்டு சதவீதம் வீங்கிவிட்டதே என்று பதற வேண்டாம். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, அது அந்தச் சார்பியத்தின் இயல்பு. 4.30 என்று வந்தால் பதறலாம்.

அணுக்களை அமர்த்துதல்

இனித்தான் சுவையான வேலை. முகமையக் கனசதுரத்தை ஒரு பெட்டியாகக் கற்பனை செய்யுங்கள். எட்டு மூலைகள், ஆறு முகங்கள். மூலையில் இருக்கும் அணு எட்டுப் பெட்டிகளுக்குப் பொது, முகத்தின் நடுவிலிருப்பது இரண்டு பெட்டிகளுக்குப் பொது. எட்டில் ஒன்று எட்டுத் தடவை என்றால் ஓர் அணு, ஆறு பாதிகள் என்றால் மூன்று அணுக்கள். மூலைகளில் தங்கமும் முகங்களில் செம்பும் வைத்தால் மூன்று செம்புக்கு ஒரு தங்கம். எல்1₂ என்று குறிக்கப்படும் அமைப்பு இது. இதே பெட்டியில் கீழ்த்தளம் தங்கம், நடுத்தளம் செம்பு, மேல்தளம் தங்கம் என்று மாற்றி வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. இது எல்1₀. பத்தர் தண்ணீரில் போட்டுத் தடுத்தது இந்த இரண்டாவது ஒழுங்கைத்தான். அடுக்குகள் மாறி மாறி வருவதால் பெட்டி உயரத்தில் அமுங்கிவிடுகிறது. உயரத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் 1இலிருந்து சுமார் 0.93க்கு இறங்குகிறது. கனசதுரமாக இருந்த ஒவ்வொரு சிறுமணியும் ஏதாவது ஒரு திசையில் அமுங்க முயல்வதால் உலோகத்துக்குள் இழுபறி ஏற்படுகிறது, தகடு கடினமாகிறது.

கைக்குத் தெரிந்த இந்த இரண்டு அமைப்புகளோடு நின்றுவிட்டால் அது கணிப்பாகாது, சரிபார்ப்பு மட்டுமே. நீங்கள் நினைத்தே பார்க்காத ஓர் அமைப்பு இன்னும் கீழே இருக்கலாம். ஆகவே மூன்று இடங்களிலிருந்து வேட்பாளர்களைச் சேர்க்கலாம்.

எளிதானது, தெரிந்த அச்சுகளை இரவல் வாங்குவது. மெற்றீரியல்ஸ் புரொஜெக்ட், ஏஃப்லோ, ஓகியூஎம்டி என்னும் திறந்த தரவுத்தளங்களில் ஏராளமான பளிங்கமைப்புகள் உள்ளன. வேறு இரு மூலகங்களின் அமைப்பை எடுத்து அங்கே செம்பையும் தங்கத்தையும் உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டாவது, ஒரே சாலகத்தில் சாத்தியமான வரிசைகளையெல்லாம் எண்ணியெடுப்பது. 16 இடங்களுக்கு இரு மூலகங்கள் என்றால் 2இன் 16ஆம் அடுக்கு, அதாவது 65,536 வரிசைகள். திருப்பியும் நகர்த்தியும் பார்த்தால் ஒன்றாகவே தோன்றுபவற்றைக் கழித்துவிட்டால் இந்தத் தொகை வெகுவாகக் குறையும். அந்தக் கழித்தலைச் செய்யும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாவது, சாலகத்தையே ஊகிக்காமல் தேடுவது. அணுக்களை எழுந்தமானமாக எறிந்து சக்தி குறையும் திசையில் விடுவது பிக்கார்டும் நீட்ஸும் 2006இல் காட்டிய வழி. நல்ல அமைப்புகளைத் தமக்குள் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கும் பரிணாம வழியை அதே ஆண்டில் ஒகானோவும் கிளாஸும் யூஎஸ்பெக்ஸ் என்ற நிரலாக்கினார்கள். முதல் பயிற்சிக்கு இந்த மூன்றாவது தேவையில்லை. செம்பும் தங்கமும் இரண்டுமே முகமையக் கனசதுரம், பக்க அளவில் 13 சதவீதத்துக்குட்பட்ட வேறுபாடு. கலவையும் அதே சாலகத்தில்தான் இருக்கும் என்று நம்ப நியாயமுண்டு. எண்ணியெடுத்தலே போதும்.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் அணுக்களின் இடத்தையும் பெட்டியின் நீள அகலங்களையும் சேர்த்துத் தளரவிட வேண்டும். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவில் இதற்கு விசி-ரிலாக்ஸ் என்று பெயர். பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அணுக்களை மட்டும் நகர்த்தினால், தங்கத்தின் பருமனும் செம்பின் சிறுமையும் உண்டாக்கும் இறுக்கம் முழுவதும் கணக்கில் ஏறி, விடை கெட்டுவிடும். தளர்த்தல் முடிந்ததும் கடைசி வடிவத்தை வைத்து ஒரு புதிய நிலையான கணக்கை ஓட்டுங்கள். பெட்டி மாறும்போது அலைகளின் தொகுதி பழைய பெட்டிக்கு உரியதாகவே இருந்துவிடுவதால், தளர்த்தலின் கடைசி வரியில் காணும் எண்ணை அப்படியே எடுத்து எழுதக்கூடாது.

மூன்று செம்பு ஒரு தங்கத்துக்குச் சரிபார்க்க ஓர் எண் தருகிறேன். தனிமூலகப் பக்கங்களை விகிதப்படி சராசரியாக்கினால் 3.731 ஆங்ஸ்ட்ரம் வரும். அளந்த மதிப்பு சுமார் 3.75. கணினியின் மதிப்பு இதைவிடச் சற்று அதிகமாக இருக்கும்.

உறைக்கோடு

இப்போது கிடைக் கோட்டில் தங்கத்தின் பங்கு, நிலைக் கோட்டில் உருவாக்கச் சக்தி என்று வரைந்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரு முனைகளிலும், தனிமூலகங்களில், பூச்சியம். புள்ளிகளை ஆணிகளாக நினைத்து, ஒரு நூலைக் கீழிருந்து மேலே இழுத்து இரு முனைகளிலும் கட்டினால் நூல் எந்த ஆணிகளைத் தொடுகிறதோ அவைதான் நிலையானவை. அந்த நூல்தான் உறைக்கோடு. தொடாத எதுவும், எவ்வளவு ஆழமான மறையெண்ணாக இருந்தாலும், நிலையற்றது.

ஏன் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒன்றுக்கு ஒன்று கலவை −50 மி.இ.வோ. என்றும், ஒரு செம்பு மூன்று தங்கம் −20 என்றும் வைத்துக்கொள்வோம். −20 மறையெண்தானே, நிலையானதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றுக்கு மூன்று கலவையில் உள்ள அணுக்களைப் பாதி ஒன்றுக்கு ஒன்று அமைப்பாகவும் மீதியைத் தனித் தங்கமாகவும் பிரித்தால், சராசரி −25. ஐந்து மி.இ.வோ. இலாபம். ஆகவே அது பிரிந்துவிடவே விரும்பும். அதன் இடம் நூலுக்கு மேலே 5 மி.இ.வோ.

இந்த விளக்கக் கணக்கை நான் சும்மா தெரிவு செய்யவில்லை. ஒரு செம்பு மூன்று தங்கத்துக்கு எல்1₂தான் அமைப்பு என்று நீண்டகாலமாக நம்பப்பட்டது. 1998இல் ஓசோலின்ஷ், வூல்வர்டன், சுங்கர் மூவரும் முழுத் தளர்த்தலோடு கணக்கிட்டபோது, செம்பு மிகுந்த பக்கத்து எல்1₂வும் நடுவிலுள்ள எல்1₀வும் எதிர்பார்த்தபடியே நூலைத் தொட்டன. தங்கம் மிகுந்த பக்கத்தில் மட்டும் எல்1₂ தொடவில்லை. அங்கே அடுக்கடுக்கான வேறு ஒழுங்குகள் அதைவிடக் கீழே இருந்தன. இப்போது 22 கரட்டைப் பாருங்கள். வெள்ளி சேர்க்காமல் செம்பு மட்டும் சேர்த்தால் அதில் அணு எண்ணிக்கையில் 78 சதவீதம் தங்கம். ஏறக்குறைய அந்த ஒன்றுக்கு மூன்று! கொழும்பில் கல்யாண வீடுகளில் கழுத்து நிறையத் தொங்கும் சேர்க்கைக்குப் பக்கத்தில்தான் கணிப்பு இவ்வளவு நுட்பமாக வழுக்குகிறது. நகை கெட்டுவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். சாதாரண வெப்பநிலையில் அணுக்கள் இடம் மாறும் வேகம் அவ்வளவு மந்தம்.

உங்கள் படத்தில் உருவாக்கச் சக்திகள் அளந்த மதிப்பை விடச் சிறிதாக இருக்கும். பிபிஈ செம்பு–தங்கத்தின் ஈர்ப்பைக் கணிசமாகக் குறைத்தே சொல்கிறது. இலத்திரன் பரிமாற்றத்தை இன்னும் நுணுக்கமாகக் கையாளும் கலப்புச் சார்பியங்கள் சோதனைக்கு நெருங்கி வருகின்றன. ஆனால் அவற்றின் கணக்குச் செலவு பல மடங்கு. எந்த அமைப்பு கீழே என்பதில் பிபிஈயை ஓரளவு நம்பலாம், எவ்வளவு கீழே என்பதில் அல்ல. இரண்டு வேட்பாளர்கள் 2 மி.இ.வோ. வித்தியாசத்தில் நின்றால் வெற்றி தோல்வியை அறிவிக்காதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உலுக்கிப் பார்த்தல்

நூலைத் தொடும் அமைப்பை மெதுவாக உலுக்கிப் பார்க்க வேண்டும். ஃபோனோபி பெட்டியைப் பெருக்கி, அணுக்களை ஒரு ஆங்ஸ்ட்ரத்தின் நூறில் ஒரு பங்கு நகர்த்தி, திரும்பி வரும் விசையைக் கொண்டு அதிர்வெண்களைச் சொல்லும். எல்லா அதிர்வெண்களும் மெய்யெண்களாக இருந்தால் நல்லது. கற்பனையெண் வந்தால் அந்த அமைப்பு பள்ளத்தில் இல்லை, மேட்டு முனையில் சமநிலை பிடித்து நிற்கிறது. இதைக் கண்ணால் பார்க்கச் செம்பை வேண்டுமென்றே உடல்மையக் கனசதுரமாக்கி, அதாவது மூலைகளிலும் பெட்டியின் நடுவிலும் அணுக்களை வைத்து, பாருங்கள். சக்தியில் அது முகமைய அமைப்பை விடச் சில பத்து மி.இ.வோ. மட்டுமே மேலே. “ஏறக்குறைய நிலையானது” என்று சொல்லத் தோன்றும். ஒரு பக்கம் சற்று நீட்டினால் சறுக்கிவிடுகிறது.

ஆனால் கற்பனையெண்ணைக் கண்டதும் அமைப்பைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டி சிறிதாக இருந்தாலோ, வலை போதாமலிருந்தாலோ பொய்யாகவும் அது தோன்றும். மெய்யாக இருந்தால் அது ஒரு துப்பு. அந்த அதிர்வின் திசையில் அணுக்களைச் சற்று நகர்த்தி மறுபடியும் தளரவிட்டால் இன்னும் கீழான ஓர் அமைப்பு கிடைக்கக்கூடும்.

சூடு

இதுவரை செய்தது எல்லாம் பூச்சியம் கெல்வினில். பட்டறை அடுப்பு அப்படியில்லை. வெப்பம் ஏற ஏற, அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும் நிலைக்கு எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, துணை நிற்கிறது. பாதிக்குப் பாதிக் கலவையில் அந்தத் துணை அதிகபட்சமாக, 300 கெல்வினில் ஓர் அணுவுக்குச் சுமார் 18 மி.இ.வோ., 1000 கெல்வினில் சுமார் 60. உருவாக்கச் சக்தியோடு ஒப்பிடக்கூடிய அளவு என்பதால்தான் சில நூறு பாகையில் ஒழுங்கு குலைகிறது.

இதைக் கணக்கிட ஆயிரக்கணக்கான அணுக்கள் வேண்டும். நேரடியாக இலத்திரன் கணக்குச் செய்ய முடியாது. 1984இல் சான்செஸ், டுக்காஸ்டெல், கிராட்டியா வகுத்த கொத்து விரிவு முறை இங்கே கைகொடுக்கிறது. சில பத்து அமைப்புகளின் சக்தியிலிருந்து, பக்கத்து இணைகள், முக்கோணங்கள் போன்ற கொத்துகள் ஒவ்வொன்றும் எவ்வளவு பங்களிக்கின்றன என்று பொருத்தியெடுத்து, பிறகு அந்த எளிய சூத்திரத்தை வைத்து, அணுக்களை எழுந்தமானமாக இடம் மாற்றிப் பார்க்கும் மொன்டே கார்லோ முறையில் பெரிய பெட்டியைச் சூடாக்குகிறோம். இதற்கு ஏடாட் என்ற இலவசத் தொகுப்பு உண்டு. மேலே சொன்ன 1998 கணக்கில் மூன்று செம்பு ஒரு தங்கத்தின் ஒழுங்கு 530 கெல்வினில் குலைந்தது. சோதனையில் அது 663. நூற்றுச் சொச்சம் பாகை பிழை. கைதேர்ந்தவர்களுக்கே அப்படியென்றால், உங்களுக்கு முதல் தடவை 100 பாகைக்குள் வந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

குறுக்குவழிகள்

இன்றைக்குத் தொடங்குபவருக்கு ஒரு வசதி உண்டு. மேஸ், சிஎச்ஜிநெட் போன்ற, கணக்கற்ற அடர்த்திச் சார்பியக் கணக்குகளைப் படித்துப் பழகிய இயந்திரக் கற்றல் மாதிரிகள் மடிக்கணினியிலேயே நொடிகளில் ஓர் அமைப்பைத் தளர்த்திவிடுகின்றன. ஆயிரம் வேட்பாளர்களை அவற்றிடம் கொடுத்துச் சலித்து, சக்தியில் மிகக் கீழே வந்த முப்பதை மட்டும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவிடம் கொடுங்கள். சலிப்பதற்கு மட்டுமே அவை. கடைசித் தீர்ப்பை அவற்றிடம் விடாதீர்கள். அவை பிபிஈ கணக்குகளைப் படித்து வளர்ந்தவை. ஆசிரியர் தங்கத்தை வீங்கச் செய்தால் மாணவரும் வீங்கத்தான் செய்வார்.

2023இல் கூகுள் டீப்மைண்ட், க்னோம் என்ற மாதிரியைக் கொண்டு 22 இலட்சம் அமைப்புகளைக் கண்டதாகவும் அவற்றில் சுமார் 3,80,000 உறைக்கோட்டைத் தொடுவதாகவும் வெளியிட்டது. செய்தி பெரிதாக அடிபட்டது. ஆனால் அந்த எண்ணிக்கை பூச்சியம் கெல்வினில், ஒழுங்கான அமைப்புகளை மட்டும் ஒப்பிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கணினி ஒழுங்காக அடுக்கிக் காட்டும் இரு மூலகங்கள் அடுப்பில் எழுந்தமானமாகக் கலந்தே கிடக்கலாம்.

அடுத்த கணக்கு

செம்பு–தங்கம் முடிந்ததும் தங்கத்தை எடுத்துவிட்டு வெள்ளியை வையுங்கள். கோப்புகளில் மாறுவது ஒரு பெயரும் ஒரு சாலகப் பக்கமும்தான். வெள்ளியின் பக்கம் 4.086 ஆங்ஸ்ட்ரம், தங்கத்தினுடையதோடு ஏறக்குறைய ஒன்று. பருமன் மட்டும்தான் முக்கியம் என்றால் விடையும் ஒன்றாகவே வர வேண்டும். வராது. செம்பு–வெள்ளியின் புள்ளிகள் பூச்சியத்துக்கு மேலே நிற்கும். நூல் இரு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்துவிட்டு எந்த ஆணியையும் தொடாமல் போகும். ஒரு புள்ளியாவது கீழே விழுந்திருந்தால் முதலில் வலையின் அடர்த்தியைப் பாருங்கள், பிறகு அணு எண்ணிக்கையால் வகுத்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

விடை சரியா என்பதை மறுபடி செட்டியார் தெருவிலேயே பார்க்கலாம். திண்மமாக இருக்கும்போது ஒன்றையொன்று வெறுக்கும் இந்த இரண்டும் உருகியதும் தாராளமாகக் கலக்கின்றன. அதனால் வெள்ளி 962 பாகையிலும் செம்பு 1085 பாகையிலும் உருக, எடையில் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை 779 பாகையிலேயே உருகி ஓடுகிறது. வெள்ளி வேலைக்கு வைக்கும் பற்றாசின் அடிப்படை இந்தக் கலவைதான். என் சங்கிலிக் கொழுவி வெள்ளி. பத்தர் அதற்கு வைத்ததும் அப்படியொரு பற்றாசுத் துண்டுதான், கடுகளவு.